லூபஸ் வந்தால் ஆயுள் குறைந்துவிடுமா?



லூபஸ் என்று அறிந்ததும் பெண்கள் கேட்பது, "இன்னும் எத்தனை வருசம் அக்கா?"

1950களில் இந்நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்தனர். இன்று முறையாகச் சிகிச்சை பெறுவோரில் 100க்கு 90 பேரளவில் 10 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நோயாளரில் 10க்கு 9 பேர் பெண்கள். இது தொற்றுநோயல்ல.

உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதுதான் லூபஸ். சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலும் ஆரம்பத்தில் வலி இராது. சிறுநீர், குருதிப் பரிசோதனைகளில்தான் தெரியவரும். அதனால் கூலி போகுமென்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

சுகம் கண்டதும் குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயில் நோயைக் கூட்டும். கச்சான் தோட்டத்துக்குக் காலையிலேயே, நீண்ட கைச்சட்டையுடன் போங்கள். பிள்ளை பெற விரும்பினால், முதலில் வைத்தியரிடம் பேசுங்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பலர் நலமாகப் பெற்றிருக்கிறார்கள்.