கம்ப்ரஸருக்கு மூன்று நிமிடம் கொடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஃப்ரிட்ஜ் பற்றியது என்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களாகப் பழைய மாணவர்கள் எனக்கு ஒரே மாதிரி வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஃப்ரிட்ஜை "ஸ்மார்ட்" புளிப்புப் பெட்டியாக மாற்றுவது எப்படி என்று. ஒரு சின்ன போர்டு, நீல நிறத்தில் ஒரு ரிலே, ஒரு சென்சார், போன் திரையில் ஏறி இறங்கும் கோடு. பத்தே நிமிடத்தில் வேலை முடிகிறது. லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க. எனக்கு வந்தவற்றை எல்லாம் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். கோடு எவ்வளவு நேராக வருகிறது என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தக் கோட்டை நேராக்க உள்ளே ஒரு கம்ப்ரஸர் என்ன பாடுபடுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பல்பை அணைத்து ஏற்றுவது போல ஃப்ரிட்ஜை அணைத்து ஏற்றுகிறார்கள்.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அம்மா இருக்கிறார். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துப்போகிறது. நேரே ஃப்ரிட்ஜில் வைத்தால் பொங்குவதே இல்லை. அவருடைய அக்கா மகன், பொறியியல் படிக்கும் பையன், வீடியோ பார்த்து ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை மாற்றிக் கொடுத்தான். மூன்று வாரம் கூட ஓடவில்லை. கம்ப்ரஸர் போயிற்று. மாற்ற மெக்கானிக் சொன்ன தொகை, அந்த ஃப்ரிட்ஜைப் பழையதாக வாங்கிய விலையை விட அதிகம். பையன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கையால் செய்து பார்க்கிறான் என்பதே பெரிய விஷயம். அவனுக்குப் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு முழுசாகச் சொன்னதாக நடிப்பவர்களோடுதான் என் சண்டை.

இந்த வித்தை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து வந்தது. பிரிட்டனில் 1963-லேயே வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கான சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-ல். அங்கே காரேஜில் பழைய ஃப்ரிட்ஜை வைத்து, ஏல் ஈஸ்ட்டுக்கு 18, 20 டிகிரி, லாகருக்கு 10, 12 டிகிரி என்று பிடித்து வைப்பார்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் தெர்மோஸ்டாட் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வேலை செய்யவே பிறந்தது. அதைத் திருகி 18-க்குக் கொண்டுவர முடியாது. அதனால் வெளியே இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவி. நம் ஊரில் மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது, வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வரும். மாவுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். 28 டிகிரியில் மாவை நிறுத்தி வைப்பதும் 18 டிகிரியில் பீரை நிறுத்தி வைப்பதும் ஒரே கணக்குதான்.

இப்போது அந்தப் பாதிக்கு வருகிறேன்.

கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. நிறுத்தியதும் இரண்டு பக்கமும் உடனே சமமாகிவிடாது. நடுவில் இருப்பது தலைமுடி போன்ற நுண்குழாய். அதன் வழியாக வாயு மெதுவாகக் கசிந்து சமமாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்கு முன் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற முடியாமல் திணறி நிற்கும். நின்ற மோட்டார் சாதாரணமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு "டிக்" என்று வெட்டிவிடும். ஆறியதும் சேரும். மறுபடி திணறல், மறுபடி டிக். நாள் முழுக்க இது நடந்தால் வைண்டிங் கருகாமல் என்ன செய்யும்?

இது நமக்குத் தெரியாத விஷயமா? ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் வைத்திருந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் அது உடனே ஃப்ரிட்ஜை ஓட விட்டதா? மூன்று நிமிடம் காக்க வைத்தது. ஒன்றும் படிக்காத பாட்டிகூட "இரு, அதுவா போடும்" என்று சொன்னார். நாற்பது வருடமாக அடுப்பங்கரைச் சுவரில் தொங்கிய இந்த அறிவு, போனில் கோடு வரையத் தெரிந்த தம்பிகளுக்கு எப்படி மறந்தது?

இன்னும் மோசமானவர்கள் பி.ஐ.டி. கட்டுப்பாடு போடுகிறவர்கள். கேட்க விஞ்ஞானமாக இருக்கும். சால்டரிங் அயனுக்கும் முப்பரிமாண பிரிண்டரின் சூட்டு முனைக்கும் அது அருமையான முறை, மறுக்கவில்லை. ஆனால் ரிலேவை வைத்து அதைச் செய்யும்போது நேரத்தைத் துண்டு போடுகிறார்கள். 5 விநாடித் துண்டு என்று வைத்துக்கொண்டால் அதில் 3 விநாடி ஓடு, 2 விநாடி நில். ஹீட்டருக்குச் சரி, அதற்கு மூச்சு வாங்காது. இரண்டே விநாடி நின்ற கம்ப்ரஸரை மறுபடி எழுப்புவதை என்னவென்று சொல்வது? இணையத்தில் கிடைத்த உதாரண நிரலை அப்படியே நகலெடுத்து ஃப்ரிட்ஜில் மாட்டிவிட்டு, "ஆல்காரிதம்" என்று தலைப்பு வைக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜுக்கு வேண்டியது பழைய முரட்டு முறை. மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை, நடுவில் இடைவெளி, நின்றால் குறைந்தது மூன்று நிமிடம் எழுப்பாதே. அவ்வளவுதான். வகுப்பறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883-ல் காப்புரிமை வாங்கிய வாரன் ஜான்சன், விஸ்கான்சினில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர். வாத்தியார் ஒருவர் செய்த வேலை என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. அந்தத் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது சேர், பிரி என்ற இரண்டே சொல். இத்தனை வருடம் கழித்தும் நம் ஃப்ரிட்ஜுக்கு அதுவே போதும்.

"இடைவெளி வைத்தால் வெப்பநிலை ஏறி இறங்குமே சார், துல்லியம் போகுமே?" ஒரு தம்பி உண்மையாகவே கேட்டான். பதினோராம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குறைய 42 கிலோஜூல் வெளியேற வேண்டும். சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று விநாடிக்கு 100 ஜூல் வெப்பத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 420 விநாடி, அதாவது ஏழு நிமிடம். அதே 165 லிட்டர் ஃப்ரிட்ஜில் இருக்கும் காற்றின் எடை சுமார் 200 கிராம். காற்றை மட்டும் எடுத்தால் ஒரு டிகிரிக்கு 200 ஜூல்தான். இரண்டு விநாடி!

எல்லா வம்பும் இங்கேதான். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்ததும் ஏறும், மூடியதும் இறங்கும், ரிலே டக் டக் என்று ஆடும். மாவுக்கோ பீருக்கோ அதெல்லாம் தெரியவே தெரியாது. சென்சாரைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம், மாவு மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மகோலை வைத்து டேப் சுற்றுங்கள். இப்போது அது காற்றை அல்ல, மாவைப் படிக்கும். பீர் காய்ச்சுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்வார்கள். ஏனென்றால் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடாகும். காற்று 18 காட்டும், உள்ளே அதைவிடச் சில டிகிரி கூட இருக்கும். சென்சார் சரியான இடத்தில் இருந்தால் ஒரு டிகிரி இடைவெளி தாராளம். துல்லியத்தை ஒரு துண்டு தெர்மகோல் தருகிறது, ஆல்காரிதம் தருவதில்லை.

அடுத்து ரிலே. அதன் முதுகில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வீடியோக்காரர் அதைக் காட்டி, "ஃப்ரிட்ஜ் ஒரு ஆம்பியர்தான், பத்து மடங்கு பாதுகாப்பு" என்கிறார். அந்தப் பத்து, ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. மோட்டாருக்கு அதைவிடக் குறைவுதான் தாங்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் வேறு பல மடங்கு. மலிவான ரிலேயின் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே பிரியாது. காலையில் மாவு பாறையாக இருக்கும். மோட்டாருக்கென்றே மதிப்பிட்ட பெரிய ரிலேயோ கான்டாக்டரோ போடுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டி.எஸ்.18பி20 சென்சாரின் ஒயர் அறுந்தால் வழக்கமான நூலகம் கொடுக்கும் எண் மைனஸ் 127. கரண்ட் வந்ததும் அளக்காமலே படித்தால் வரும் எண் 85. உங்கள் நிரல் இந்த இரண்டையும் என்ன செய்கிறது? 85 என்று நம்பி ஃப்ரிட்ஜை ஓட்டுமா? மைனஸ் 127 என்று நம்பி, மார்கழிக்காக உள்ளே வைத்த ஹீட்டர் பல்பை விடிய விடிய எரிய விடுமா? நடக்க முடியாத எண் வந்தால் இரண்டையும் நிறுத்து என்று இரண்டு வரி எழுத வேண்டாமா? போனில் கோடு வரைய இருநூறு வரி எழுதியவருக்கு இந்த இரண்டு வரிக்குக் கையில் வலுவில்லை.

உயிர் சம்பந்தப்பட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சத்தமாக. ஃப்ரிட்ஜின் உடம்பு இரும்பு. இரண்டு பின் பிளக் போட்டு எர்த்தை விட்டுவிட்ட வீடியோ ஒன்றைப் பார்த்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஈரக் கையோடு மாவு எடுக்கும் இடம் அது. மூன்று பின், எர்த், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். ரிலே வெட்டுவது பேஸ் ஒயரை; நியூட்ரலை வெட்டினால் நின்ற ஃப்ரிட்ஜின் உள்ளேயும் மின்சாரம் காத்திருக்கும். ஒயர் விட ஃப்ரிட்ஜின் சுவரில் துளை போடாதீர்கள், உள்ளே குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அடுப்பு கேஸின் ஒன்றுவிட்ட தம்பி. தீப்பிடிக்கும். அதனால் ரிலேவும் போர்டும் வெளியேதான் இருக்க வேண்டும். மெல்லிய சென்சார் ஒயரைக் கதவு ரப்பருக்கு நடுவே விட்டால் போதும், ரப்பர் அணைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எழுதினால் இன்னொரு கூட்டம் வரும். "அதான் சார், ஆபத்து, எதுக்கு வம்பு, ரெடிமேடா வாங்கிக்கலாமே." இவர்களோடும் எனக்கு ஒத்துவராது. மாவுக்கென்று பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் குளிர் அறையை அந்த அம்மா வாங்க முடியுமா? எஸ்.டி.சி.-1000 என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. பீர் காய்ச்சுகிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. இடைவெளி வைக்கலாம். கம்ப்ரஸர் தாமதம் ஒன்றிலிருந்து பத்து நிமிடம் வரை வைக்கலாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சாக்கெட், ஒரு பிளக், தகுந்த ரிலே ஒன்று. ஃப்ரிட்ஜின் உள் ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டை முழுக் குளிரில் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கை இந்தப் பெட்டியில் சொருகினால் முடிந்தது. ஒயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனை ஒரு மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஆர்டுயினோவிலேயே செய்ய ஆசைப்படும் மாணவன் தாராளமாகச் செய்யட்டும். நான் தடுக்க மாட்டேன், வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்வேன். செய்முறைத் தேர்வுக்கு நோட்டில் அளவீட்டை முன்கூட்டியே எழுதி வைத்து மார்க் வாங்கிய தலைமுறைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை விட, கையைச் சுட்டுக்கொண்டாவது ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கும் பையன் மேல். அந்தப் பையனுக்கு நாம் கொடுக்கும் பாடம் முழுசாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

அந்த அம்மாவுக்கு வேறொரு பழைய ஃப்ரிட்ஜ் கிடைத்தது. அதே பையன்தான் மறுபடி மாட்டினான். 28 டிகிரி, இடைவெளி 1, தாமதம் 5 நிமிடம். 29-ல் ஓடத் தொடங்கும், 28-ல் நிற்கும். பொங்கியதும் எடுத்து விற்பனைக்கு வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுகிறார். கத்திரி வெயில் முழுக்க ஓடிவிட்டது.

வீடியோ போடும் தம்பிகளே, பழைய வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. கீழே முதல் கமெண்ட்டாக ஒரு வரி பின் செய்யுங்கள்: நின்ற கம்ப்ரஸரை மூன்று நிமிடத்துக்கு முன் ஓட்டக் கூடாது, எர்த் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பின் செய்தவர்கள் இந்தப் பதிவின் கீழே இணைப்பைப் போடுங்கள். உங்கள் சேனலை நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன்.