செருகிய சார்ஜரும் அணைக்காத விளக்கும்

கைப்பேசியைக் கழற்றி எடுத்த பின்னரும் சார்ஜரைச் சுவரில் செருகியபடியே, சுவிட்சையும் அணைக்காமல் விட்டுவைப்பது மார்க்கம் கண்டிக்கும் வீண் விரயத்தில் சேருமா என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகின்றது. கேள்வி சிறியதுதான். ஆயினும், விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்ற திருமறையின் எச்சரிக்கையை எடுத்து, சார்ஜரை மறந்துவிட்ட மருமகளின் மீது எறிகின்ற மாமியார்களும் இருக்கின்றார்கள். ஆதலின் இதனை நிதானமாக ஆராய்வது நலம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பழைய சார்ஜர்கள் இரும்புத் தகட்டின் மேல் செம்புக் கம்பி சுற்றிய கனத்த டிரான்ஸ்பார்மரைக் கொண்டவை. ஒன்றும் இணைக்காத வேளையிலும் அவற்றைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெப்பந்தான் வீணான மின்சாரம். அத்தகைய ஒன்று இடையறாது 2 வாட் எடுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 17 யூனிட் ஆகும். இக்காலச் சார்ஜர்களின் அமைப்பு வேறு. சும்மா செருகியிருக்கும் சிறு சார்ஜர் 0.1 வாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரல் முதல் விதித்துள்ளது. அவ்வளவில் அமைந்த சார்ஜர் ஆண்டு முழுவதும் சுவரில் கிடந்தாலும் செலவாவது 0.876 யூனிட், அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

75 வாட் மின்விசிறியொன்று ஆளில்லாத அறையில் 12 மணி நேரம் சுழன்றாலே 0.9 யூனிட் போய்விடுகின்றது. சார்ஜரின் ஓராண்டுச் செலவை மின்விசிறி ஒரே பகலில் விழுங்கிவிடுகின்றது! 2,000 வாட் கீசர் அரைமணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே 2008இல் வெளியிட்ட தம் நூலில், சார்ஜரை ஒரு நாள் முழுவதும் அணைத்துவைத்து மிச்சப்படுத்தும் ஆற்றல், காரை ஒரு விநாடி ஓட்டும் ஆற்றலுக்கே ஈடாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மேல்தொட்டி நிரம்பி வழிய மோட்டாரை ஓடவிட்டுவிட்டு, மண வீட்டில் விடியும்வரை அலங்கார விளக்குகளை எரியவிட்டுவிட்டு, சார்ஜரைச் சுட்டிக்காட்டி உபதேசம் செய்பவரைப் பற்றி என்ன சொல்வது?

சிறியதென்பதால் விட்டுவிடலாம் என்று நான் கூறவில்லை. தேவையற்றது சிறியதாயினும் தேவையற்றதே. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் சாக்கெட்டுக்குச் சுவிட்சே இருப்பதில்லை, பிடுங்கித்தான் ஆகவேண்டும். நமக்கோ பக்கத்திலேயே சுவிட்சு இருக்கின்றது. ஒரு விரல் போதும். ஆனால் அந்த விரலை அசைக்க மறந்தவரைப் பாவியாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே என் கருத்து.

பள்ளிவாசலின் நிலை வேறு. அங்குள்ள மின்சாரம் வக்ஃபுச் சொத்து. அதில் நம் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்வது நிர்வாகத்தின் அனுமதியையும் ஊர் வழக்கத்தையும் பொறுத்தது. அங்கே எத்தனை வாட் என்னும் கேள்வி எழுவதில்லை. யாருடைய பொருள் என்பதே கேள்வி.

அன்பர்களே! விரயத்தைக் காட்டிலும் நாம் அஞ்சவேண்டியது நெருப்பையே. மதீனாவில் ஓர் இரவில் வீடொன்று அதிலிருந்தோருடன் எரிந்துபோன செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியபோது, நெருப்பு உங்கள் பகையென்றும், உறங்கச் செல்லுங்கால் அதனை அணைத்துவிடுங்கள் என்றும் அவர்கள் பணித்தார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று பிறிதொரு நபிமொழி காரணத்தையும் கூறுகின்றது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதனை நுட்பமாக ஆராய்கின்றார்கள். பள்ளிவாசல்களில் தொங்கும் விளக்குகளால் தீப்பிடிக்கும் என்ற அச்சமிருப்பின் அவையும் அணைக்கவேண்டியவையே. அச்சமில்லையெனில் விட்டுவைப்பதில் குற்றமில்லை, கட்டளைக்குரிய காரணம் அங்கே இல்லாமையால் என்பது அவர்களின் விளக்கம்.

இந்த அளவுகோலைச் சார்ஜருக்கு வைத்துப் பாருங்கள். தரமான சார்ஜர் சுவரில் தனித்துத் தொங்குமாயின், அது அந்தத் தொங்குவிளக்கைப் போன்றது. ஆனால் நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய, பெயரும் முத்திரையும் இல்லாத சார்ஜர் அப்படியன்று. 230 வோல்ட் மின்சாரத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரித்துவைக்கும் காப்பு அதனுள் பலவீனமாக இருக்கலாம். கம்பியின் நுனியைக் குழந்தை வாயில் வைத்தால் என்னாகும் என்று எண்ணிப்பாருங்கள். டார்ச்சு, எமர்ஜென்சி விளக்கு ஆகியவற்றின் மலிவான சார்ஜர்கள் பலவற்றில், பாட்டரி நிரம்பியதும் தாமே நின்றுவிடும் ஏற்பாடு கிடையாது. இரவெல்லாம் ஏறிக்கொண்டேயிருக்கும், பாட்டரியும் சூடேறிக்கொண்டேயிருக்கும். கைப்பேசியின் லித்தியம் பாட்டரிக்கு நிறுத்தும் ஏற்பாடு உண்டு. எனினும் அதனைத் தலையணைக்கடியில் வைத்து ஏற்றினால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். தலையணைக்கடியில் எரியும் விளக்கை வைத்து எவரேனும் உறங்குவரோ?

ஆகவே, கைப்பேசியைப் படுக்கையில் வைத்து ஏற்றுவதையும், தானே நிற்காத சார்ஜரை இரவில் விட்டுவைப்பதையும் நபிமொழி தடுக்கும் செயலாகவே நான் கருதுகின்றேன். இதில் மருமகளைக் கண்டிக்க வேண்டாம். குடும்பத் தலைவரே கவனித்துக்கொள்ளட்டும். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையையும், ஆர் என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் பார்த்து வாங்குங்கள். அந்த எண் மெய்யானதா என்பதை அவ்வமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள சார்ஜர்களை, இஷாவுக்குப் பின் கதவைத் தாழிடும் வேளையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கைப்பேசியை எடுத்து நெடுநேரம் கழிந்தும் ஏதேனுமொன்று சூடாக இருந்தால், சுவிட்சை அணைத்துச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மறுநாள் அதனை மீண்டும் செருகாதீர்கள்.