நெருக்கப் படத்துக்கு 60 மி.மீ. போதும்

செம்பருத்தியின் மகரந்தத்தையும் குதிக்கும் சிலந்தியின் கண்களையும் கைப்பேசியில் எடுத்துப் பார்த்து ஆர்வம் கூடிய மாணவர்கள், அடுத்ததாக ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று விசாரிப்பதுண்டு. அப்போது கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாங்குவதென்றால் 100 மி.மீ. வாங்கு. 50, 60 எல்லாம் பூச்சி எடுக்க உதவாது." அந்த லென்ஸின் விலையைக் கேட்டதும் பலர் ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒரு மாணவரின் முதல் மேக்ரோ லென்ஸ் 50 அல்லது 60 மி.மீ. குவியத் தூரம் கொண்டதாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை நான்காம் படிவ இயற்பியல் பாடத்தைக் கொண்டே நீங்கள் சரிபார்க்கலாம்.

முதலில் மேக்ரோ என்றால் என்ன என்று பார்ப்போம். பொருள் எவ்வளவு பெரியதோ, அதே அளவில் அதன் பிம்பம் கேமராவின் சென்சார் மீது விழுந்தால் அது 1:1. நமது 20 சென் நாணயத்தின் குறுக்களவு 20.6 மி.மீ. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட முழு அளவுச் சென்சாரில், 1:1 அளவில் அந்த நாணயம் ஏறக்குறைய மேலிருந்து கீழ்வரை நிறைந்து நிற்கும். 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களில் பலவும் இந்த 1:1 அளவைத் தருகின்றன, 100 மி.மீ. லென்ஸும் அதே 1:1 தான். நீளமான லென்ஸ் பூச்சியை இன்னும் பெரிதாகக் காட்டும் என்பது தவறான நம்பிக்கை.

அப்படியானால் வேறுபாடு எங்கே? தூரத்தில். மெல்லிய லென்ஸுக்கான சூத்திரத்தை நினைவுகூருங்கள். பிம்பமும் பொருளும் ஒரே அளவில் இருக்க வேண்டுமானால், இரண்டும் லென்ஸிலிருந்து குவியத் தூரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். 60 மி.மீ. லென்ஸுக்குப் பொருளிலிருந்து சென்சார் வரை மொத்தம் 24 செ.மீ.; 100 மி.மீ. லென்ஸுக்கு 40 செ.மீ.

கடையில் விற்கும் லென்ஸ்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதுதான் சுவையான செய்தி. கேனன் நிறுவனத்தின் இஎஃப்-எஸ் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 20 செ.மீ. தூரத்திலேயே 1:1 அளவை எட்டிவிடும். அதே நிறுவனத்தின் இஎஃப் 100 மி.மீ. எல் மேக்ரோவுக்கு 30 செ.மீ. போதும். அருகில் குவிக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிகள் இடம் மாறி, குவியத் தூரமே குறைந்துவிடுவதுதான் காரணம்.

இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. பூச்சிக்கும் லென்ஸின் முனைக்கும் இடையே மிஞ்சுவது எவ்வளவு என்பதே நமக்கு முக்கியம். சென்சாருக்கும் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் இடைவெளி 4.4 செ.மீ. முதல் லென்ஸின் நீளம் 7 செ.மீ.; இரண்டாவதன் நீளம் 12.3 செ.மீ. கழித்துப் பாருங்கள். முதலாவதில் ஏறக்குறைய 9 செ.மீ., இரண்டாவதில் 13 செ.மீ. மிஞ்சும். சுண்டு விரல் நீளம்கூட இல்லாத இந்த வேறுபாட்டுக்காகத்தான் கூடுதல் பணமும், 335 கிராமுக்குப் பதில் 625 கிராம் எடையும்! 100 மி.மீ. எல் லென்ஸில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி உண்டு என்பது உண்மை. ஆனால் பொருளை நெருங்க நெருங்க அதன் பயன் குறைந்துகொண்டே போகும்.

கூர்மையின் ஆழத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. குட்டை லென்ஸ் என்றால் படத்தில் அதிக ஆழம் கூர்மையாகத் தெரியும் என்பார்கள். தொலைவில் உள்ள காட்சிகளுக்கு அது பொருந்தும். 1:1 அளவில் ஆழத்தைத் தீர்மானிப்பவை உருப்பெருக்கமும் துளையின் எண்ணும்தான். குவியத் தூரம் கணக்கில் வருவதே இல்லை எனலாம். எஃப் 8 துளையில் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம் மட்டுமே கூர்மையாக இருக்கும், எந்த லென்ஸைப் பிடித்தாலும்.

மாறுவது பின்னணி. 60 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் அகலமானது. பூச்சிக்குப் பின்னால் உள்ள இலை, கிளை, கூடு ஆகியவற்றில் கூடுதலான பகுதி படத்துக்குள் வரும். அழகுப் படம் எடுப்பவருக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம். அறிவியல் மாணவருக்கோ அது ஆதாயம். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பைப் பச்சை வண்ணக் கலவைக்கு முன்னால் தனியாக நிறுத்திக் காட்டுவதைவிட, அது நிற்கும் இலையோடு காட்டும் படத்திலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் உண்டு. வெளிச்சமும் எளிதாகிறது. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளைக் கட்டிப் பூச்சிக்கு அருகே கொண்டுவந்தால், தூரம் பாதியாகும்போது ஒளி நான்கு மடங்காகும்.

குட்டை மேக்ரோவை மலிவுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸாகக் கருதப்படும் மேக்ரோ-கிலார், 1955-இல் வந்தது. அதன் குவியத் தூரம் 40 மி.மீ. மறு ஆண்டே ஜப்பானில் நிக்கான் நிறுவனம் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர் லென்ஸை வெளியிட்டது. ஆவணங்களை நுண்படச் சுருளில் பதிவதே அதன் வேலை. ஆங்கில எழுத்துகளைத் தெளிவாகப் பதிந்த லென்ஸ்கள், கோடுகள் நெருங்கிய காஞ்சி எழுத்துகளில் தடுமாறின. அந்த எழுத்துகளுக்காகவே கூர்மை கூட்டப்பட்ட லென்ஸ் அது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தும்பி, வண்ணத்துப்பூச்சி போன்ற விழிப்பான பூச்சிகளுக்குக் கூடுதல் இடைவெளி உதவும். கொட்டும் குளவிக்கும் பாம்புக்கும் அருகே யாரும் 9 செ.மீ. வரை போகக்கூடாது. மிகவும் குட்டையான லென்ஸிலும் சிக்கல் உண்டு. நிக்கான் 40 மி.மீ. மேக்ரோவில் 1:1 அளவுக்குப் போனால் மூன்றரை செ.மீ. அளவே மிஞ்சும்; லென்ஸின் நிழலே பூச்சி மீது விழுந்துவிடும். அதனால்தான் 60 என்கிறேன். மாணவர்கள் பலரிடம் இருப்பது சிறிய சென்சார் கொண்ட கேமரா. அதில் 60 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம், முழு அளவுச் சென்சாரில் 90 மி.மீ. லென்ஸ் தருவதற்கு நிகராகிவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பூச்சி அசையக்கூடாது என்பதற்காக அதைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த லென்ஸும் அந்தக் குறுக்குவழியை நியாயப்படுத்தாது. வெயில் ஏறாத காலை நேரத்தில் பூச்சிகள் தாமாகவே மெதுவாக இயங்கும். நிழல் விழாமல், மூச்சை அடக்கி, அங்குலம் அங்குலமாக நெருங்கப் பழகுவதும் அறிவியல் பயிற்சிதான். பூச்சி எப்போது மிரள்கிறது, எப்போது மீண்டும் உண்ணத் தொடங்குகிறது என்பதை அந்தப் பயிற்சி கற்றுத் தரும்.

பெற்றோரிடம் பணம் கேட்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு காலையில் தோட்டத்துக்குப் போங்கள். சிலந்தி, எறும்பு, நத்தை, செம்பருத்தி என நீங்கள் படமெடுக்க விரும்பும் ஒவ்வொன்றையும், கோலின் முனை 9 செ.மீ. தொலைவுக்கு வரும்வரை மெல்ல நெருங்குங்கள். எவை ஓடின, எவை அப்படியே இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால், உங்களுக்கு 60 மி.மீ. போதும்.