முதல்ல ஒரு கல்லீரலை நீங்களே வரைஞ்சு பாருங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. இந்த வருஷமும் நாலைந்து டீமாவது ‘டீப் லேர்னிங் மூலம் கல்லீரல் கட்டி கண்டறிதல்’ எடுத்திருப்பீங்க. டேட்டாசெட்டை டவுன்லோடு பண்ணி, யூ-நெட்டை ஓடவிட்டு, டைஸ் ஸ்கோரை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டால் வேலை முடிந்தது. அந்த ஸ்கேனை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?

மாடலைத் தொடுவதற்கு முன்னாடி, ஒரே ஒரு சிடி ஸ்கேனையாவது நீங்களே உட்கார்ந்து லேபிள் பண்ணணும் என்பது என் கட்சி. ஐடிகே-ஸ்னாப், த்ரீடி ஸ்லைசர் இரண்டுமே இலவச மென்பொருள்கள். லேப்டாப்பே போதும்.

திறந்ததும் குழப்பம் வரும். உடம்பின் வலப்பக்கம் இருக்கும் கல்லீரல் திரையில் இடப்பக்கம் தெரியும். நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் காட்டுவதுதான் வழக்கம். ஐடிகே-ஸ்னாப்பில் கல்லீரலுக்குள் ஒரு குமிழியை வைத்து ஓடவிட்டால், அது தானாக விரிந்து உறுப்பை நிரப்பும். ஆனால் பக்கத்துத் தசையும் கிட்டத்தட்ட அதே சாம்பல் நிறம். குமிழி அங்கேயும் வழிந்துவிடும். அப்போ பிரஷ்ஷை எடுத்து நீங்கதான் முடிவு பண்ணணும். உள்ளே நுழையும் ரத்தக்குழாய் கல்லீரலில் சேர்த்தியா? பாதி கல்லீரல், பாதி கொழுப்பு என மங்கலாக இருக்கும் வோக்சல் எந்தப் பக்கம்?

நாம ‘கிரவுண்ட் ட்ரூத்’னு சொல்வது, யாரோ கண் வலிக்க உட்கார்ந்து எடுத்த இப்படிப்பட்ட முடிவுகளைத்தான்.

டைஸையும் கணக்குப் போட்டுப் பாருங்க. பக்கத்துக்கு 100 வோக்சல் உள்ள கனசதுரத்தை ஒரு வோக்சல் நகர்த்தினால் டைஸ் 0.99. பக்கத்துக்கு 4 வோக்சல் என்றால், அதே நகர்த்தலுக்கு 0.75. பெரிய உறுப்பில் தப்பு ஒளிந்துகொள்ளும். நோயாளிக்கு முக்கியமானதோ அந்தச் சின்னக் கட்டி.

“நாங்க டாக்டர் இல்லையே, நிபுணர்கள் போட்ட லேபிள் இருக்கே?” என்பீங்க. சரிதான், உங்க லேபிளை வைத்து யாரும் ஆபரேஷன் பண்ணப் போவதில்லை. ஆனால் மாடல் எங்கே சறுக்கும் என்று தெரியாமல் அதைச் செய்தவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

அதனால் ஒரு யோசனை. டீமில் இரண்டு பேர் ஒரே ஸ்கேனைத் தனித்தனியாக, ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் லேபிள் பண்ணுங்க. உங்க இரண்டு பேருக்கும் இடையிலான டைஸை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடுங்க. மாடலின் ஸ்கோர் அதற்கு அப்புறம் வரட்டும்.