தண்டனையைக் கூட்டினால் வண்டித் திருட்டு குறையாது



வண்டி திருடும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களையும் பெரியவர்களைப் போலவே சிறையில் தள்ள வேண்டும் என்று உங்கள் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் வண்டியைப் பறிகொடுத்தவன்தான். ஆனால் அவர் கேட்பதை ஏற்க முடியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மார்க்கெட் வாசலில் நிறுத்திய என் பைக் கால் மணி நேரத்தில் காணாமல் போனது. காவல் நிலையத்தில், "ரெண்டு நாள் அக்கம்பக்கம் தேடிப் பாருங்க சார்" என்று அனுப்பினார்கள். பிறகு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்று நடையாய் நடந்து, பத்தொன்பதாம் நாள்தான் வழக்குப் பதிவானது. அதற்குள் எதிர்க்கடை கேமராவில் பதிவு அழிந்துவிட்டது. இத்தகைய புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நான்கு மாதம் கழித்து வேறொரு வழக்கில் சிக்கிய பையனிடம் என் வண்டியும் இருந்தது. அடையாளம் காட்டப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இடுப்பில் இன்னும் அந்தப் பள்ளிச் சீருடைக் கால்சட்டை. சைடு லாக்கை எப்படி உடைத்தாய் என்றேன். ஹேண்டில்பாரில் காலை வைத்து ஓங்கி ஒரு உதை, அவ்வளவுதானாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். "இது நாலாவது வண்டி சார். யாரும் பிடிக்கலையே" என்றான்.

திருட்டுக்கு எத்தனை வருடம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. மூன்றை ஏழாக்கினாலும் அவன் கணக்கில் அது வராது. முதல் வண்டியோடு பிடித்திருந்தால் நின்றிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடுமையான சட்டங்கள் இல்லாமலா இருக்கின்றன? சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெருமுனையிலும் நின்று பாருங்கள், ஒரே வண்டியில் மூன்று பையன்கள் பறப்பார்கள்.

பிடிபட்ட பையன்களிடமும் கடுமைக்குக் குறைவில்லை. ரயில்வே பேட்டரி திருடியதாக 2022 டிசம்பரில் சிறுவர்களுக்கான செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன் இரண்டே நாளில் பிணமானான். இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இதைவிடக் கடுமையாக நாம் என்ன கேட்கப் போகிறோம்?

அதன்பின் கூர்நோக்கு இல்லங்களைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2023-இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் எவை நடைமுறைக்கு வந்தன என்பதை அரசு வெளியிட வேண்டும். புகார் வந்த அன்றே வழக்குப் பதிய வேண்டும். பிடிபடும் ஒவ்வொரு பையனையும் மறுபடி பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்த்து, அவன் தொடர்ந்து வருகிறானா என்று பார்க்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும். இதை உங்கள் இதழ் விடாமல் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்