போர்க்கப்பலின் உதிரி பாகங்களும் நம் கடற்கரையும்

திருவண்ணாமலையில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் வேலை தேடிப் போவது சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும்தான். எனவே எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நடப்பது நம் வீட்டு விஷயமும்கூட.

2022 ஆகஸ்ட் 7 அன்று 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. 'மேக் இன் இந்தியா'வின் வெற்றி என்று அரசு அதைக் கொண்டாடியது.

அது போரிடும் கப்பல் அல்ல. போரிடும் கப்பல்களுக்கு வெடிபொருள், உணவு, எரிபொருள், உதிரி பாகங்கள் ஆகியவற்றை நடுக்கடலில் கொண்டு சேர்க்கும் சரக்குக் கப்பல்.

இதன் முக்கியத்துவம் புரிய, அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிடம் இத்தகைய கப்பல்கள் 11 உள்ளன. நிமிட்ஸ் வகைக் கப்பலில் இரண்டு அணு உலைகள். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடும். ஆனால் அணு உலை கப்பலைத்தான் ஓட்டும், விமானத்தை அல்ல. விமானங்களுக்கு எரிபொருளும் குண்டுகளும் தேய்ந்த பாகங்களுக்கு மாற்றுப் பாகங்களும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சுமார் 5,000 பேருக்குச் சாப்பாடும் வேண்டும். இவை நின்றால் அந்த ராட்சதக் கப்பலின் போர்த்திறன் முடங்கிவிடும்.

2007 ஜூலையில் 'நிமிட்ஸ்' சென்னைக்கு வந்தபோது கரைக்கு வெளியே கடலில்தான் நங்கூரமிட்டது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இடதுசாரிகளும் அ.தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தன. அன்று கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்ப்பும் எழுந்தது. இன்று வருவதோ சரக்குக் கப்பல். அதனால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

இதற்கான பாதை படிப்படியாகப் போடப்பட்டது. 2016 ஆகஸ்டில் கையெழுத்தான 'லெமோவா' ஒப்பந்தம், இரு நாட்டுப் படைகளும் எரிபொருள், உதிரி பாகங்கள், பழுதுநீக்கும் சேவைகளைக் கட்டணத்துக்குப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. பின்னர் காட்டுப்பள்ளி, மும்பை மசகான், கொச்சி ஆகிய தளங்களுடன் அமெரிக்கக் கடற்படை பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது.

2023 அக்டோபரில் காஸா மீது குண்டு மழை பொழிந்தபோது, இஸ்ரேலுக்கு அரணாக அமெரிக்கா முதலில் அனுப்பியது 'ஜெரால்டு ஃபோர்டு' என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலைத்தான். காட்டுப்பள்ளியில் பழுது பார்த்த கப்பல் அதற்குச் சரக்கு ஏற்றியது என்று நாம் சொல்லவில்லை. ஆதாரமின்றிப் பேசுவது முஸ்லிமுக்கு அழகல்ல. ஆனால் அத்தகைய கப்பல்களை இயங்க வைக்கும் விநியோகச் சங்கிலியில் நம் கரையும் ஒரு கண்ணியாகிவிட்டது என்பது உண்மை.

வெல்டிங் செய்யும் தொழிலாளியை நாம் குறை சொல்லவில்லை. அவர் ஹலாலான உழைப்பைத் தேடி வந்தவர். எந்தக் கப்பல் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்ல. கேள்வி அரசுக்குத்தான். லெமோவா ஒப்பந்தப்படி ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகப் பரிசீலிக்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அந்த உரிமையை எந்த அளவுகோலின்படி பயன்படுத்துகிறோம்? ஒரு போருக்குச் செல்லும் கப்பலுக்கு 'இப்போது இல்லை' என்று சொல்வோமா? பாலஸ்தீனத்தின் பழைய நண்பனான இந்தியா இதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நன்மைக்குத் துணை நிற்பதற்கும் வரம்பு மீறலுக்குத் துணை போவதற்கும் இடையே அல்லாஹ் கோடு போட்டிருக்கிறான் (அல்குர்ஆன் 5:2). காஸாவுக்காகக் கையேந்தி துஆ செய்யும் நாம், நம் தொகுதி எம்.பி.யிடம் இந்தக் கேள்வியையும் கேட்போம். கேட்பது குடிமக்களாக நம் உரிமை. அநீதியின் முன் வாய்மூடாமல் இருப்பது முஸ்லிம்களாக நம் கடமை.