எல்லையில்லா வேகமும் எல்லை வகுக்கும் விதியும்

சென்ற வாரம் என் பெறாமகன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவைத் தொடுத்தான். அவன் அண்மையில் மோட்டார்ச் சைக்கிள் வாங்கியவன். இரவில் வீதி வெறிச்சோடிய பின்னர் அதன் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பதில் இன்பங் காண்பவன். “பெரியப்பா, அமெரிக்காவிலே உப்பு வெளி ஒன்றில் வேகத்துக்கு எல்லையே இல்லையாம். கிழவர் ஒருவர்கூட மணிக்கு நூற்றெண்பது மைலுக்கு மேல் ஓடியிருக்கிறார். எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?” என்றான்.

அவன் குறிப்பிட்ட கிழவர் நியூசிலாந்து தேசத்தவரான பேர்ட் மன்றோ. ‘இந்தியன்’ என்ற பெயருடைய 1920ஆம் ஆண்டு மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை வாங்கி, பல்லாண்டுகள் தம் கையாலேயே திருத்தித் திருத்தி, 1967ஆம் ஆண்டில், தமது அறுபத்தெட்டாவது வயதில், யூட்டா மாநிலத்திலுள்ள பொன்னெவில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எய்திச் சாதனை படைத்தார். அவ்வண்டி புதிதாக வந்த காலத்தில் அதன் வேகம் ஏறக்குறைய 55 மைலே. பணத்துக்காகவன்றிப் பற்றுக்காகவே உழைத்த அந்த மனிதரை நானும் போற்றுகின்றேன். ஆயினும், அவர் ஓடிய வெளியில் எல்லையே இல்லை என்று என் பெறாமகன் எண்ணியது பெருந் தவறு. வேகத்துக்கு எல்லை வகாத அவ்விடத்திலேதான் விதிகள் மிகுதியாக உள்ளன.

அவ்விதிகள் பிறந்த கதையை அறிதல் நன்று. 1930ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுக்கைகளில் இளைஞர் பலர் தாமே பூட்டிய வண்டிகளைக் கொண்டு வந்து ஓட்டினர். பல வண்டிகள் ஒரே வரிசையில் நின்று ஒருங்கே பாய்ந்தன. முன்னோடிய வண்டி கிளப்பிய புழுதியிலே பின்னால் வந்தவனுக்கு வழி தெரியாது. இந்த அவலத்தைக் கண்ட கழகங்கள் 1937இல் ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய நேரக் கணிப்புச் சங்கத்தை நிறுவின. வண்டியோடு வண்டி போட்டியிடுவதை விடுத்து, ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை வேரூன்றியது. 1949இல் அச்சங்கத்தாரே பொன்னெவிலில் வேக வாரத்தைத் தொடக்கினர். விதிகளை ஆக்கியவர்கள் வேகத்தை வெறுத்த அதிகாரிகளல்லர். வேகத்தையே காதலித்தவர்கள் என்பது ஈண்டு கருதத்தக்கது.

அங்கே புதியவன் ஒருவன் முதல் நாளிலேயே உச்ச வேகத்தில் ஓட முடியாது. முதலிற் குறைந்த வேகத்தில் ஓடிக் காட்டல் வேண்டும். அதிலே தேறிய பின்னரே அடுத்த படிக்கு அனுமதி கிடைக்கும். ஏணியில் ஏறுவது போலப் படிப்படியாகவே அனுமதிப் பத்திரம் உயர்கின்றது. வண்டிக்கும் தனிச் சோதனை உண்டு. கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புக் கூடு, தீப்பற்றாத உடை, தலைக்கவசம், தீயணைப்புக் கருவி, ஓடவிருக்கும் வேகத்தைத் தாங்கவல்ல ரயர், மிகு வேக வண்டிகளை நிறுத்தப் பரசூட் என யாவும் பார்க்கப்படும். ஆபத்து நேர்ந்தால் சாரதி பிறர் உதவியின்றி வெளியேற வல்லவனா என்றும் சோதிப்பர். சாதனை வேண்டுமாயின் ஒருமுறை ஓடினாற் போதாது. மீண்டும் ஓடி, இரண்டின் சராசரியைக் காட்டுதல் வேண்டும். தற்செயலாக வாய்த்த வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை.

இப்படிகள் ஏன் என்று வினவுவோர் 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரையில் நிகழ்ந்ததை நினைத்தல் வேண்டும். மூன்று விமான இயந்திரங்களைப் பூட்டிய வண்டி ஒன்று அங்கே இருந்தது. முந்திய ஆண்டு அதிலேயே உலக சாதனை படைத்த றே கீச், அதன் ஆபத்தை உணர்ந்து, மீண்டும் ஓட்ட மறுத்துவிட்டார். அவ்வூரில் மோட்டார் திருத்தும் நிலையம் நடத்திய லீ பைபிள் என்பவர் அப்பணியை ஏற்றார். அத்தகைய வேகத்துக்குப் பழகியவரல்லர் அவர். வண்டி கட்டுக்கடங்காது புரண்டது. அவரும் மாண்டார், படம் பிடிக்க நின்ற ஒருவரும் மாண்டார். அறிந்தவன் அஞ்சி விலகினான். அறியாதவன் துணிந்து அழிந்தான். துணிவு என்ற சொல்லின் பொருளை நாம் எத்துணை பிழையாக வழங்குகின்றோம்!

விதிகளால் மரணம் முற்றாக ஒழிந்துவிடும் என்று நான் கூறவில்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓரிகன் மாநிலத்துப் பாலை வெளியில், தேர்ந்த சாரதியான ஜெசி கோம்ஸ் என்னும் பெண்மணி உயிர் நீத்தார். தரையிற் கிடந்த ஏதோ ஒரு பொருளில் மோதியதால் முன்சில்லு பழுதுற்றிருக்கலாம் என விசாரித்தோர் முடிவு கண்டனர். அனுபவமிக்கவருக்கே இவ்வாறு நேருமாயின், ஆயத்தமின்றி ஓடுபவனின் கதி என்ன? இனி, கடுமையான விதிகள் செலவைக் கூட்டி ஏழை ஆர்வலனை விலக்கிவிடும் என்பாருமுளர். இக்குறை மெய்யே. ஆயினும், விலை குறைந்த தலைக்கவசத்தைத் தேடலாம். விலை குறைந்த உயிரை எங்கே தேடுவது?

இன்னொன்றும் சொல்வேன். 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் உப்புத்தரை ஓட்டத்துக்கு ஏற்றதாக இல்லாமையால் வேக வாரத்தையே நிறுத்திவிட்டனர். ஓராண்டு முழுவதும் உழைத்துக் காத்திருந்தோர் ஏமாந்தனர். அந்த ஏமாற்றத்தைத் தாங்கும் மனவுறுதியே விளையாட்டின் பண்பு.

இது தொலைதேசத்துக் கதை என்று நாம் தள்ளிவிடுதற்கில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி எமது தியத்தலாவையிலே நடந்த மோட்டார்ப் பந்தயத்தில் வண்டியொன்று பாதையை விட்டுப் பாய்ந்து எழுவரின் உயிரைக் குடித்தது. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை சாரதிக்கு உண்டென்றே கொள்வோம். வேலியருகே நின்ற குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை அவனுக்கு எவர் அளித்தார்? பந்தயம் நடத்துவோர் அனைவரும் முதலில் அளக்க வேண்டியது வண்டியின் வேகத்தையன்று. பாதைக்கும் பார்வையாளருக்கும் இடையிலுள்ள தூரத்தையே.

என் பெறாமகனுக்கு நான் கூறிய விடை இதுதான்: “தம்பி, அந்த உப்பு வெளியிலே எதிரே மாடு வராது, பள்ளிப் பிள்ளை குறுக்கே ஓடாது, சந்தை முடிந்து வரும் கிழவி இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் படிப்படியாகவே ஏறுகிறார்கள். நீ ஓடும் வீதியில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.” அவன் மறுமொழி கூறவில்லை. அன்று வீடு திரும்புகையில் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டான். ஒழுங்கைத் திருப்பம்வரை மெதுவாகவே சென்றான். அதற்கப்பால் அவனுடைய மனச்சான்றே அவனுக்குக் காவல்.